முதல் தரம்

ராணிப்பேட்டை சிப்காட்டில்
தோலைத் தரம் பிரிப்பது என் வேலை.
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக விரித்து
உண்ணி கடித்த புள்ளி, முள்வேலிக் கீறல்,
சூடு போட்ட தழும்பு எல்லாம் பார்த்து
மூலையில் சாக்பீஸால் ஓர் எண்.
ஒன்றிலிருந்து ஆறு வரை.
அதற்குக் கீழே போனால் எண் கிடையாது.
ஒரு தோலுக்கு ஒன்பது நொடி.
பத்தாவது நொடியில் மேஸ்திரி துரைக்கண்ணு
கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

பாட்டுக்கு நான் அவ்வளவு சீக்கிரம் எண் போடுவதில்லை.
வாலாஜா ரோடு ஸ்டேஷனில் ரயில் வராத நேரம் ஒருமுறை,
மாதவிலக்கின் இரண்டாம் நாள் ஒருமுறை,
மே மாதம் கரண்ட் போன ராத்திரி
செல்போனில் ஏழு சதவீதம் சார்ஜ் இருக்கும்போது ஒருமுறை.
மூன்றிலும் தாங்கினால்தான் முதல் பத்தில் இடம்.

சென்னைப் பத்திரிகைக்காரர்
'பச்சை அஞ்சலட்டை'க்கு முதலிடம் கொடுத்தார்.
மௌனத்தின் கட்டடக்கலை என்று எழுதியிருந்தார்.
என் நோட்டில் அது நான்காவது.
மூன்றாம் பாட்டில் வயலின்
இலை போடும் முன்பே பந்தியில் உட்கார்ந்துவிடுகிறது.
மௌனமாம்.
மணல் லாரி ஓடாத அமாவாசையில்
பாலாற்று நடுவில் வந்து நின்று
பிறகு எழுதட்டும்.

என் முதலிடம் 'கிழக்கு ரயில்கேட்'.
பதினோரு வருடமாக அசையவில்லை.
ஆறே பாட்டு. ஒன்றுகூடத் தன்னைக் கூவி விற்காது.
பாடுகிறவள் உச்சத்துக்குப் போக வேண்டிய இடத்தில்
ஒரு படி கீழேயே நின்று
சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவாள்.
ஏறத் தெரிந்தவள்தான்.
அதுதான் விஷயம்.

வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில்
இயர்போன் விற்கும் கஜபதிக்கு இது புரியாது.
"ஆத்துல தண்ணி இல்ல, கோட்டைல ராஜா இல்ல,
உன் லிஸ்ட்ல ஒரு குத்துப்பாட்டு இல்ல" என்பான்.
அவனை மன்னிக்கலாம், வியாபாரி.

ஹசீனாவைத்தான் மன்னிக்கவில்லை.
பேஸ்டிங் செக்‌ஷன். வெள்ளிக்கிழமை தோறும்
ஆற்காட்டு மக்கன் பேடாவில் பாதி எனக்கு.
'ஜில்லுனு ரெண்டு பேரு' தான் உலகத்திலேயே
நல்ல ஆல்பம் என்றாள், வாயில் பேடாவோடு.
நான் சொன்னேன்:
அது பாட்டா, கல்யாண வீட்டு சீரியல் பல்பு.
நாலு நாள் அவள் வேறு மேஜையில் சாப்பிட்டாள்.

அந்த வாரம்தான்
வெளிநாட்டுக் கம்பெனி ஆய்வாளர் வந்தார்.
நான் ஒன்று போட்டிருந்த தோலை
கையுறை விரலால் புரட்டி, அழித்து, மூன்று போட்டார்.
என் பக்கம் திரும்பவே இல்லை.
காலை வெளிச்சத்தில் பார்த்தீர்களா என்று கேட்க
வாய் வரைக்கும் வந்தது.

ஐந்தாம் நாள் ஹசீனா வந்து உட்கார்ந்தாள்.
"உன் நம்பர் ஒண்ண ராத்திரி முழுசா கேட்டேன்.
நாலாம் பாட்டுல புல்லாங்குழல் நிக்கிற எடத்துல
ஒருத்தன் இருமுறான்.
இத்தினி வருசமா கேட்டுக்கினு கீறியே,
தெரியல?"

கம்பெனி பஸ்ஸில் கேட்டேன்.
திருவலம் இரும்புப் பாலத்தின் சத்தம் அடங்கியதும்
மறுபடி கேட்டேன்.

இருந்தது.
வாயைப் பொத்திக்கொண்ட சின்ன இருமல்.
தபலாக்காரராக இருக்கலாம்.
டீ கொண்டுவந்த பையனாக இருக்கலாம்.
தோலாக இருந்தால் இரண்டு போட்டுத் தள்ளியிருப்பேன்,
ஒன்பது நொடிகூட ஆகாது.

இப்போது அந்தப் பாட்டைப் போட்டாலே
இதோ இருமப்போகிறான், இதோ என்று
புல்லாங்குழலைச் சரியாகக் கேட்பதில்லை.
எரிச்சலாக இருக்கிறது.
ஆனாலும் தினம் போடுகிறேன்.

முதலிடம் முதலிடம்தான். அதில் பேச்சில்லை.
கடைசியில் கிடந்த 'ஜில்லுனு ரெண்டு பேரு'
ஓரிடம் மேலே வந்திருக்கிறது,
இரண்டாம் பாட்டின் கைதட்டலுக்காக மட்டும்.
ஹசீனாவிடம் சொல்லவில்லை.
சொன்னால் இன்னும் ஏற்று என்பாள்.

இந்த வெள்ளிக்கிழமை
பேடாவை அவள் பிட்கவில்லை,
முழுசாக வைத்தாள்.